ஐந்தாம் திருத்த மன்றாட்டு

பத்து வயதில் நான் அமெரிக்க அரசியலமைப்பின் திருத்தங்களைத் தலைகீழாகவும் சொல்லுவேன். பிறந்தது மொன்றியலில், படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில், கனடாவின் சட்டம் ஒன்றுகூடத் தெரியாது. அதைப் பற்றி எனக்கு அப்போதும் வெட்கம் இருக்கவில்லை, இப்போதும் இல்லை.

காரணம் மாமி. அப்பாவின் தங்கை, நியூ ஜெர்சியில் இருந்தவர். அந்தக் கோடையில் அவருக்கு அமெரிக்கக் குடியுரிமைப் பரீட்சை வந்தது. தன் வீட்டுப் பிள்ளைகளின் கூச்சலில் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை என்று, புத்தகங்களைக் கட்டிக்கொண்டு மொன்றியலின் வில்லரேயில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தும் ஏறவில்லை. அச்சடித்த ஆங்கிலத்தைக் கண்டாலே அவருக்குக் கொட்டாவி வந்தது. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தார். மாதா மன்றாட்டுமாலை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாடம். ஒருவர் முன்சொல்ல, மற்றவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முடிப்பார்கள். மாமி அந்த மெட்டில் அமெரிக்கச் சட்டத்தை ஏற்றினார்.

"முதலாம் திருத்தமே" என்று நான் இழுப்பேன். "பேச்சுரிமை, மதவுரிமை, பத்திரிகை உரிமை" என்று மாமி வெங்காயம் உரித்தபடி முடிப்பார். "பதின்மூன்றாம் திருத்தமே." "அடிமைகளை விடுவித்தாய்." "பத்தொன்பதாம் திருத்தமே." "பெண்களுக்கு வாக்குத் தந்தாய்." கறுத்தப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் வேறு வேறு பள்ளிக்கூடங்களில் பிரித்து வைக்கக்கூடாது என்ற தீர்ப்பு பாடத்தில் வந்தபோது மட்டும் கத்தியைக் கீழே வைத்தார். "இதுக்கும் கோட்டுக்குப் போகவேண்டிக் கிடந்திருக்கு, பாத்தியே" என்றார்.

எனக்குப் பிடித்தது ஐந்தாவது. ஒருவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வைக்கக்கூடாது. நாளுக்கு நாலு தரம் ஏச்சு வாங்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்தி வேறு என்ன வேண்டும்?

மாதா திருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, எங்கள் கோவிலில் மாதாவின் சுருவம் இருந்த கூட்டின் கண்ணாடி உடைந்து கிடந்தது. அண்ணாவுக்குப் பதின்மூன்று வயது. பூசைக்கு உதவும் பிள்ளைகளில் மூத்தவன். திருநாளன்று சிலுவையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்துக்கு முன்னால் போகப்போகிறவன் அவன்தான். அம்மா இந்தச் செய்தியை பியர்பொன்ட்ஸில் இருந்த சித்திவரை போன் போட்டுச் சொல்லி முடித்திருந்தார். ஆனால் முதல்நாள் பின்னேரம் அவன் பந்தோடு கோவிலுக்குள் போனதை யாரோ கண்டுவிட்டார்கள். அதுவே போதுமாக இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் கீழ் மண்டபத்தில் எங்களை நிறுத்திவைத்தார்கள். சபைத் தலைவர் ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். இங்கே வந்தும் அந்த வேலையை விடவில்லை. முத்துமுத்தான தமிழில் ஒரு கடுதாசி எழுதிக் கொண்டுவந்திருந்தார். 'கண்ணாடியை நானே உடைத்தேன், மன்னிப்புக் கேட்கிறேன், இந்த வருடம் சிலுவை தூக்கமாட்டேன்' என்று அண்ணா சொல்வதுபோல எழுதியிருந்தது. சபைக்கு வாசித்துக் காட்டவில்லை. பக்கத்தில் நின்றபடியால் நான்தான் மனதுக்குள் எழுத்துக்கூட்டி வாசித்தேன். அண்ணாவுக்குத் தமிழ் கதைக்க மட்டும்தான் தெரியும்.

"இதில என்ன எழுதியிருக்கு?" என்று அண்ணா கேட்டான்.

"அது பேந்து பாக்கலாம் தம்பி. முதல் கையெழுத்தை வையும்" என்றார் தலைவர்.

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை பேர் முன்னால் அவருக்குத் தலையே தூக்க முடியவில்லை. "வைச்சிட்டு வா, போவம்" என்றார்.

நான் கதிரையில் ஏறினேன். பயத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை, மெட்டுத்தான் வந்தது. "ஐந்தாம் திருத்தமே" என்று இழுத்தேன். பின்வரிசையில் இருந்த இரண்டு அம்மாமார், பழக்கதோஷத்தில், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் பேச்சும் வந்தது.

"அண்ணா கையெழுத்து வைக்கத் தேவையில்லை. ஒருத்தரையும் தனக்கு எதிராத் தானே சாட்சி சொல்ல வைக்கேலாது. உடைச்சதைக் கண்ட ஆக்கள் வந்து சொல்லட்டும்."

"பிள்ளை, அது அமெரிக்கச் சட்டம். இஞ்ச அது செல்லாது" என்றார் தலைவர். கனடாவிலும் அப்படி ஓர் உரிமை இருப்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சரிசமமான அறிவோடுதான் மோதினோம். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். மாமி மட்டும் தேத்தண்ணி மேசையடியில் நின்று, "சொல்லடி, நல்லாச் சொல்லு" என்றார்.

அப்பா தலையைத் தூக்கினார். அறை விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்ன சொன்னனி? திரும்பச் சொல்லு."

சொன்னேன்.

"அப்பிடி எழுதியே கிடக்கு? சட்டமா?"

"ஓம் அப்பா. இருநூறு வருசத்துக்கு மேல."

அப்பா போய் அண்ணாவின் கையில் இருந்த பேனையை வாங்கி மேசையில் வைத்தார். "வாசிக்கத் தெரியாத கடுதாசியில என்ர பிள்ளை கையெழுத்து வைக்கமாட்டான்" என்றார். நாங்கள் ஐந்து பேரும் வெளியே நடந்தோம். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

சந்தியில் இருந்த தெப்பனர் என்கிற சில்லறைக் கடையைத் தாண்டும்போது அண்ணா மெல்லச் சொன்னான், "அப்பா, நான்தான் உடைச்சனான்." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வென்ற வழக்கை இப்படியா நாசமாக்குவது?

அப்பா ஏசவில்லை. "தெரியும். இப்ப நீயாப் போய்ச் சுவாமியாரிட்டச் சொல்லு. நான் வாசலில நிக்கிறன்" என்றார். அண்ணா போனான், சொன்னான். புதுக் கண்ணாடி போடும்போது கூட நின்று பிடிக்க வேண்டும் என்பதுதான் சுவாமியார் கொடுத்த தண்டனை. திருநாளன்று சிலுவையை அவனே தூக்கினான். அம்மா அழுதார். மாமி ஊர்வலம் முழுக்க, "என்ர மருமகள் சட்டம் கதைச்ச பிள்ளை" என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் என்னைக் காட்டினார். பிறகு தன் பரீட்சையிலும் பாஸ் பண்ணினார். அந்தப் பெருமையில் பாதி எனக்குச் சேரவேண்டியது.

அதற்குப் பிறகு அப்பா புவாண்ட்-கிளேரில் இருந்த பண்டகசாலை வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, சில நாள் என்னைக் கூப்பிடுவார். "பிள்ளை, அந்த அஞ்சாவதைச் சொல்லு." என் ஞாபகசக்தியில் அவருக்கு அவ்வளவு பெருமை என்று நினைத்து, நானும் ராகத்தோடு சொல்லுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

எனக்குப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க இடம் கிடைத்த அன்றுதான் அம்மா சொன்னார். "அப்பாவும் ஊரில ஒருக்காப் பொலிசிட்டக் கையெழுத்து வைச்சவர். சிங்களத்தில எழுதின கடுதாசி, அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. வைக்கமாட்டன் எண்டு ரெண்டு நாள் இருந்தவர். மூண்டாம் நாள் விரல் எல்லாம் வீங்கி, பேனையை அவங்கள்தான் பிடிச்சு வைச்சவங்கள். அதுக்கு நாலு வருசம் மறியல், சிறையில கிடந்தவர்."

அன்று மண்டபத்தில் அண்ணாவுக்காக வழக்காடினேன் என்றுதான் அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.