குடகனாற்றில் எறும்பு கரையேறிய நாள்

ஈர மணல் வாசம்... ஆற்று நடுவே தோண்டிய ஊற்றில் உட்கார்ந்து, கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி வேடசந்தூர்ப் பக்கம் வந்த புதிது. வீட்டுக்காரர் மாட்டு வண்டியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் சந்தைக்குப் போயிருந்தார். சாயங்காலம் வண்டி ஆற்று மணலைக் கடந்துதான் வர வேண்டும். அப்போது பாலம் கிடையாது.

கூட வந்தவர் காளியம்மா அக்கா, வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. சட்டென்று எழுந்து நின்றார்.

"அடியே, எறும்பப் பாரு!"

கட்டெறும்புகள் முட்டையைக் கவ்விக்கொண்டு, மணலை விட்டுக் கரை மேலே சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தன.

"தெக்க மலையில மழை புடிச்சிருக்கு. தண்ணி வரப்போகுது. ஏறு மேல!"

எங்கள் தலைக்கு மேல் ஒரு பொட்டு மேகம் இல்லை.

"இன்னும் அரைக்குடந்தான் அக்கா... செத்த நேரம் இருங்க."

"குடம் கெடக்கட்டும்டி!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். கரையேறி மூச்சு வாங்கும்போதுதான் அந்தச் சத்தம்... தூரத்தில் லாரி வருவதுபோல. எங்கள் ஊருக்கு ஏது லாரி?

வளைவில் திரும்பியது வெள்ளம். செக்கச்செவேலென்று, நுரை தள்ளி, மரங்களை வேரோடு உருட்டிக்கொண்டு. நாங்கள் உட்கார்ந்திருந்த இடமே தெரியவில்லை.

தப்பித்தோம் என்று நினைக்கக்கூட நேரமில்லை.

"அக்கா... அவரு வண்டி?"

வண்டித்தடம் சற்றுக் கீழே, புதருக்கு அப்பால். இருவரும் ஓடினோம். தண்ணீரில் ஒரு கோணிச்சாக்கு மிதந்து போனது. எங்கள் வெங்காயச் சாக்கு மாதிரியே இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பொழுது இறங்கும் நேரம், எதிர்க்கரையில் ஒரு துண்டு அசைந்தது. அவர்தான்! ஏதோ கத்தினார். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. நான் அழுதது அவருக்குக் கேட்டிருக்காது.

மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகு வந்து சேர்ந்தார்.

"மாடு ரெண்டும் ஆத்துல கால வைக்க மாட்டேன்னு படுத்துக்கிருச்சு. சாட்டையால அடிச்சுங்கூடப் பாத்தேன்..."

சாப்பிடக்கூட உட்காராமல், மாடுகளுக்குத் தவிட்டுத் தண்ணீர் வைத்து, சாட்டை பட்டுத் தடித்திருந்த இடத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

இப்போது அங்கே பாலம் இருக்கிறது. மழை எச்சரிக்கை செல்போனிலேயே வந்துவிடுகிறது. ஆற்றில் மணலும் இல்லை, முள்செடிதான். பஸ் அரை நிமிஷத்தில் தாண்டிவிடும். யாரும் வெளியே பார்ப்பதுகூட இல்லை.

நான் மட்டும் பாலம் வந்ததும் தெற்கே திரும்பிப் பார்த்துவிடுகிறேன்... இந்த வயதிலும், அக்கரை போன பிறகுதான் மூச்சு வருகிறது.