நஞ்சப்பனின் நகத்து நீலம்

நஞ்சப்பனுடைய பத்து நகங்களிலும் நீலம் ஏறியிருக்கும். நல்லூரில் கைருதீன் பாயின் பனியன் பட்டறையில் இருபது வருடமாகச் சலவை பார்த்தவர். பிளீச்சிங் பவுடரில் வெளுத்து, ஆசிட் தண்ணீரில் அலசி, கடைசியாக நீலம் போட்டு அவர் எடுக்கும் பனியன் கண்ணைக் கூசச் செய்யும். பக்கத்துப் பட்டறைச் சரக்கைப் பார்த்தால், "இது வெள்ளைங்களா? கழுநீர்ல முக்குன மாதிரி இருக்குதுங்க" என்று உதட்டைப் பிதுக்குவார். அதே பட்டறையில் மடிப்பு வேலை பார்த்த நான் அந்தத் திமிரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வேறு சொத்து இல்லை.

1978 சித்திரையில் அந்தச் சொத்துக்கே வினை வந்தது. தன் ஊர் ஆலைகளைக் காப்பாற்ற, வெளிநாட்டுப் பனியன் வருடத்துக்கு இவ்வளவுதான் வரலாம் என்று அமெரிக்கா ஓர் அளவு வைத்திருந்தது. கோட்டா என்பார்கள். அது முடிந்துவிட்டது, சரக்கு அனுப்ப வேண்டாம் என்று, எங்கள் பனியனை அங்கே ஏற்றிவிடும் பம்பாய் ஏஜென்ட் தந்தி அடித்தார். வெளுத்து மடித்த இருநூறு டஜன் பனியன் பட்டறையிலேயே தங்கிவிட்டது. அத்தனை பெரிய நாடு எங்கள் நல்லூர்ப் பனியனுக்குப் பயந்து கதவைச் சாத்தியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகிறது.

பாய் சும்மா இருக்கவில்லை. பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டுப் பேசிவிட்டு வந்தார்.

"நஞ்சப்பண்ணா, இந்தச் சரக்கை இத்தாலிக்கு அனுப்பலாமுங்க. ஆனா மஞ்சக் கலர்தான் வேணுமாம். அங்கெல்லாம் பனியனை மட்டும் போட்டுட்டு ரோட்டுல போவாங்களாமா."

"மேல சட்டை இல்லாமயுங்களா!" நஞ்சப்பனுக்கே வெட்கமாகிவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப இனி வெள்ளைக்கு வேலை இல்லீங்களா பாய்?"

"மொதல்ல ஒரு டஜன் மாதிரி அனுப்பச் சொல்றாங்க" என்று மட்டும் சொன்னார் பாய். மாதிரி சரியாக வந்தால் பட்டறை ஓடும், இல்லாவிட்டால் பூட்டுதான். வெளுக்க மட்டுமே தெரிந்த ஐம்பது வயதுக்காரரை வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்? அன்று நஞ்சப்பன் சோற்றுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

மறுநாள் மாதிரிக்கு ஒரு டஜன் புதிதாக வெளுத்து, மஞ்சள் சாயத்தில் முக்கினார். எடுத்துப் பார்த்தால் பச்சை! சாயத்தைத் திட்டினார், சாயம் விற்றவனைத் திட்டினார், கிணற்றுத் தண்ணீரைத் திட்டினார். அப்புறம்தான் தன் நகத்தைப் பார்த்தார். பழகிய கை, கடைசி அலசலில் தன்பாட்டுக்கு நீலம் போட்டிருந்தது. அந்த இருநூறு டஜனிலும் இதே நீலம்தான்.

"தப்பு என்னுதுங்க பாய்."

"அத்தனையும் வீணுங்களா அண்ணா?" பாய் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

நஞ்சப்பன் தலையைச் சொறிந்துகொண்டே நின்றார். "நீலம் தூக்கலா உழுந்துட்டா, ஆசிட் தண்ணியில போட்டு எடுத்துருவேனுங்க. அதையே இதுக்கும் செஞ்சு பாக்கறேனுங்க."

மடித்து வைத்ததில் ஒரு டஜனை எடுத்து ஆசிட் தண்ணீரில் ஊறப் போட்டார். நீலம் கழன்றது. ஐந்தாறு தண்ணீர் அலசிச் சாயத்தில் முக்கினார். இந்த முறை வந்தது சுத்த மஞ்சள், பூசணிப் பூவின் மஞ்சள். ஒரு திட்டுக்கூட இல்லை.

மாதிரி பம்பாய் போயிற்று. பத்தாம் நாள், எல்லாவற்றையும் அனுப்பு என்று தந்தி வந்தது. பாய் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே சலவைத் தொட்டிக்குப் போனார்.

"வெளுப்பு அரைகுறையா இருந்தா சாயமும் திட்டுத் திட்டாத்தான் புடிக்குமாமுங்க. கலருக்கும் உங்க வெள்ளைதான் வேணுமுங்கண்ணா."

நஞ்சப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க ஆசிட்டிலும் சாயத்திலுமாகக் கிடந்து, இருநூறு டஜனையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

முடித்த அன்று வீட்டில் சொம்புத் தண்ணீரை நீட்டிய மனைவி சாரதாமணி, அவர் கையைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"ஏனுங்க, நகத்துல நீலத்தைக் காணோம்? வேலை போயிருச்சுங்களா?"

நஞ்சப்பன் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். ரேகையெல்லாம் மஞ்சள்.

"போகல சாரதா. சோத்தைப் போடு, பசிக்குது."