சாரலில் கீச்சிட்ட கார்

கல்யாணமாகி உத்தமபாளையத்துக்கு வந்த நாளிலிருந்து லத்திபாவுக்கு விடிகாலை என்றாலே வண்டிச் சத்தம்தான். கணவர் முகைதீன், மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினார். அவர் கிளம்பும்போது அவள் பாயில் கண்மூடிக் கிடப்பாள். ஜீப்பின் ஓசை தெருமுனையில் தேய்ந்து மறைந்த பிறகும் அவள் மட்டும் அதோடு போய்க்கொண்டிருப்பாள். இதோ அனுமந்தன்பட்டி, இதோ கம்பம், கூடலூர் என்று ஊர்கள் நகரும். மலை வளைவு வந்தால் பாயிலேயே உடம்பு ஒரு பக்கம் சாய்வதுபோல் இருக்கும்.

பிறகு சர்க்கரை நோய் முகைதீனின் பார்வையை மங்கச் செய்தது. எதிரே நிற்பது ஆளென்று தெரியும், யாரென்று தெரியாது. ஜீப்பை விற்றுவிட்டு ஒரு பழைய சின்னக் காரை வாங்கினார்கள். லத்திபா ஓட்டக் கற்றுக்கொண்டாள். நைட்டி, சுடிதார் துணி, லுங்கி என்று பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு கூடலூர் வரைக்கும் வீடுவீடாகப் போய் விற்றாள். முகைதீன் தடுக்கவில்லை. ஆனால் ஒரு நாளும் அந்தக் காரில் ஏறவும் இல்லை. கட்டிலில் இருந்தபடி "பாத்துப் போ" என்பார், அவ்வளவுதான். பக்கத்து சீட்டில் உட்கார அவருக்கு மனம் வரவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அவளும் கூப்பிடவில்லை.

ஆனி பிறந்து கணவாய் வழியாகச் சாரல் இறங்கத் தொடங்கியதும் கார் கத்த ஆரம்பித்தது. முதல் நாள் ஏதோ திராட்சைத் தோட்டத்தில் மயில் அகவுகிறது என்றே நினைத்தாள். சாவியை இன்னொரு முறை திருப்பியதும்தான் அந்த மயில் தன் பானட்டுக்குள் இருப்பது தெரிந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. மெக்கானிக் வேல்பாண்டி பெல்ட்டை மாற்றிக்கொடுத்தான். கொஞ்ச நாள் அமைதியாக இருந்துவிட்டுக் கார் மறுபடியும் கத்தியது.

ஒரு காலையில் கண்ணாடியில் சாரல் பொடிப்பொடியாகப் படிந்திருந்தது. சாவியைத் திருப்பினாள். கிறீச்சென்று நீளமாக ஒரு சத்தம். சலித்துப்போய் இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எங்கேயும் போகத் தோன்றவில்லை.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு முகைதீன் நின்றிருந்தார்.

"ஸ்டார்ட் பண்ணயில மட்டுந்தான் கத்துதா?"

"ஆமாங்க. கொஞ்ச நேரத்துல தானா அடங்கிரும். லைட்டும் வைப்பரும் சேத்துப் போட்டா மறுபடி கத்தும். வெயில் நாள்ல அம்புட்டா இல்ல."

"இதெல்லாம் எப்பக் கவனிச்ச?"

"காது சும்மாதான கெடக்கு."

அவர் படியிறங்கி, காரைத் தொட்டுத் தொட்டு முன்பக்கம் வந்தார். "ஸ்டார்ட் எடுக்கயில பேட்டரி எறங்கும். அத ஏத்தணும்னு டைனமோவுக்குப் பாரம் கூடும். பெல்ட்டு தொய்ஞ்சு கெடந்தா இழுக்க முடியாம வழுக்கும். அந்தச் சத்தமாத்தான் இருக்கணும்."

"புது பெல்ட்டுல்ல?"

"புதுசும் ஓட ஓடத் தொய்யும். எதுக்கும் பாத்துருவோம். வண்டிய ஸ்டார்ட் போட்டுட்டு ஒரு டம்ளர் தண்ணி கொண்டா. முந்தானையச் சொருகிக்க. கைய உள்ள விட்றாத."

அவள் எட்ட நின்று சுழலும் பெல்ட்டின் மேல் தண்ணீரைத் தெளித்தாள். சத்தம் உச்சிக்கு ஏறியது.

"கூடுது" என்றாள்.

"அப்பத் தொய்வுதான். ஆஃப் பண்ணிட்டுச் சாவிய எங்கிட்டக் குடு."

இன்ஜின் ஓய்ந்து சூடு தணிந்ததும் அவர் கட்டைவிரலால் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். கொடிக்கயிறுபோல் உள்ளே போனது. டைனமோவைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தடவிக் கண்டுபிடித்து ஸ்பேனரை மாட்டினார். லத்திபா ஒரு கம்பியை நெம்புகோலாக வைத்து டைனமோவைத் தள்ளிப் பிடித்துக்கொள்ள, அவர் முறுக்கினார். போல்ட் இறுகவில்லை, சும்மா சுற்றியது.

"மரை தேஞ்சுருச்சு" என்றார். "வேல்பாண்டி இறுக்கித்தான் விட்டுருப்பான். இது நிக்கல. ஓடுற அதிர்வுல டைனமோ பழைய எடத்துக்கே வந்துருது."

பழைய போல்ட்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அவள் சாரலில் நனைந்தபடியே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு நடந்தாள். புது போல்ட்டும் நட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது முகைதீன் அதே இடத்தில் நின்றிருந்தார். ஒரு கை இன்ஜின் மேல் இருந்தது. கண்கள் மூடியிருந்தன. தலைமுடியில் சாரல் முத்துமுத்தாகக் கோத்திருந்தது. மேற்கே மலை முழுக்க மேகத்துக்குள் போயிருந்தது. அவர் எங்கேயோ தூரத்தில் இருப்பதுபோல் தெரிந்ததால் அவள் கூப்பிடாமல் சற்று நேரம் நின்று பார்த்தாள்.

புது போல்ட் கச்சிதமாக ஏறி இறுகியது. பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பினாள். கார் முனகலோடு உயிர் பெற்றது. லைட்டைப் போட்டாள், வைப்பரைப் போட்டாள். கீச்சென்ற சத்தம் வரவில்லை.

முகைதீன் தடவிக்கொண்டே இடதுபக்கம் வந்து, கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"ஏத்தத்துல ஓட்டிப் பாத்தாத்தான் நெசம் தெரியும்" என்றார், முன்னாலேயே பார்த்துக்கொண்டு.

ஏற்றத்துக்கும் பெல்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. கூடலூரில் துணிக்குக் காத்திருந்த சுபாஸ்ரீயிடம் மட்டும் போனில், "நாளைக்கு வாரேன்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கம்பம் தாண்டியதும் இருபுறமும் திராட்சைப் பந்தல்கள் நீர் சொட்டிக்கொண்டு நின்றன. லோயர் கேம்ப் வந்ததும் வண்டியை ஓரம் கட்டினாள். இந்த மலையில் அவள் வண்டி ஏற்றியதில்லை.

"ஏறவா?"

"செகண்டுல போடு. வளைவுல ஆரன் அடிச்சுக்க. எறங்கி வர்றவுக அவசரமா வருவாக, நீ அவசரப்படாத."

ஏறினாள். பாதி மலையில் மேகம் சாலைக்கு வந்து கண்ணாடியை மூடியது. கார் மிதப்பதுபோல் இருந்தது. பயம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. எங்கேயோ அருவிபோல் தண்ணீர் விழும் சத்தம், ஈரமான இலைகளின் மணம். அவர் ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டி மேகத்தை அளைந்துகொண்டே வந்தார். குமுளியில் பாலில்லாத கட்டன் சாயா குடித்தார்கள். கடைக்காரரிடம் முகைதீன் மலையாளத்தில் வெகுநேரம் பேசிச் சிரித்தார்.

இறங்கும்போது பேச்சு குறைந்தது. இத்தனை வருடத்தில் ஓடும் வண்டியில் அவர் கண் அயர்ந்ததே இல்லை, பஸ்ஸில் போனால்கூட டிரைவரின் கையைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார். லத்திபா திரும்பிப் பார்த்தபோது அவர் வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்த வளைவில் அவர் தலை ஜன்னலில் இடித்துவிடாதபடி அவள் இன்னும் மெதுவாகத் திருப்பினாள்.