செருப்பை விழுங்கிய வேன்

அவருடைய உண்மையான பெயர் ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருந்தது. வெளியில் எல்லோருக்கும் அவர் ‘சமாளி’தான். எது உடைந்தாலும், எது ஒழுகினாலும், “விடுங்க, சமாளிச்சுக்கலாம்” என்பார். சமாளித்தும் விடுவார். வேன் கதவு சாத்தவில்லை என்றால் கயிறு. கண்ணாடி நிற்கவில்லை என்றால் மரச்சில்லு. ஒருமுறை ஹாரன் ஊமையாகிவிட, ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இரண்டு மாதம் ஓட்டினார்.

அந்த வேன்தான் வீட்டுக்குச் சோறு போட்டது. கணவனும் மனைவியுமாக லாண்டரி நடத்தினார்கள். லாட்ஜ், கிளினிக், விடுதி என்று போய் அழுக்குப் போர்வைகளை அள்ளி வந்து, வெளுத்து, தேய்த்துத் திரும்பக் கொடுக்க வேண்டும். வண்டி ஓட்டுவது அவர். எந்தத் தலையணை உறை யாருடையது என்ற ஞாபகமெல்லாம் முன்சீட்டில் பக்கத்தில் உட்காரும் மனைவியிடம் இருந்தது.

அந்த முன்சீட்டுக்கு அடியில்தான் தொல்லை. கால் வைக்கும் தகடு துருப்பிடித்திருந்தது. முதலில் காசு அளவு ஓட்டை. சமாளி அதன்மேல் ஒரு மிதியடியைப் போட்டார். ஓட்டை வளர்ந்தது; ரப்பர் விரிப்பு போட்டார். அப்புறம் சாக்கு, அதன்மேல் அட்டை, அதன்மேல் மறுபடி மிதியடி. மழை பெய்தால் கீழேயிருந்து சேறு பீய்ச்சும். வெயில் அடித்தால் சைலன்சர் சூடு அத்தனை அடுக்கையும் தாண்டி ஏறும்.

“கால் வேகுதுங்க.”

“ரெண்டு தெருதானே. கொஞ்சம் சமாளிச்சுக்கோ.”

அந்த அம்மாளும் காலைச் சீட்டின்மேல் மடக்கிக்கொண்டு, செருப்பைக் கீழே கழற்றி வைத்து, வருடக்கணக்கில் சமாளித்தார். ஒருநாள் வங்கிக்குப் பக்கத்து வேகத்தடையில் வண்டி குதித்தபோது, அடுக்கெல்லாம் பொத்தென்று விட்டுக்கொடுத்தது. புதுச் செருப்பில் ஒன்று ரோட்டுக்குப் போயிற்று. எட்டிப் பார்ப்பதற்குள் பின்னால் வந்த பஸ் அதன்மேல் ஏறி இறங்கிவிட்டது.

ஒற்றைச் செருப்போடு லாட்ஜுக்குள் போர்வைகளைச் சுமந்துபோனார் மனைவி. “இன்னொண்ணு எங்கம்மா?” என்று மேனேஜர் வேறு அக்கறையாக விசாரித்தார். வெளியே வந்த மனைவி கத்தவில்லை. நிதானமாகச் சொன்னார்.

“இந்த வண்டில இனிமே நான் கால் வைக்க மாட்டேன். வைக்க இடமும் இல்ல.”

மறுநாளிலிருந்து துணிமூட்டைகள் வேனில் போயின, அம்மாள் பஸ்ஸில் போனார். பஸ் ஓடாத பக்கமெல்லாம் சமாளி தனியாகவே போனார். பல் டாக்டர் கிளினிக்குக் கரடி பொம்மை போட்ட தலையணை உறை போனது. விடுதிக்கு டாக்டரின் வெள்ளைக் கோட்டு போனது. இதையெல்லாம் அசடு வழிந்து எப்படியோ சரிக்கட்டிவிட்டார். சிக்னலில் நிற்கும்போது ஏதோ சொல்லத் திரும்பினால், பக்கத்துச் சீட்டில் பெல்ட் மாட்டிய போர்வை மூட்டை உட்கார்ந்திருந்தது. அதைத்தான் சரிக்கட்ட முடியவில்லை. திட்ட ஆளில்லாமல் ஒரு மனிதர் எத்தனை நாள் வண்டி ஓட்டுவார்? பன்னிரண்டாம் நாள் டிங்கர் பட்டறைக்குப் போனார்.

“மேல ஒரு தகடு மட்டும் அடிச்சு விடுங்கண்ணே, போதும்.”

டிங்கர்க்காரர் சீட்டைக் கழற்றி, அடுக்குகளை உரித்து, திருப்புளியால் லேசாகக் குத்தினார். பிடி வரைக்கும் இறங்கியது.

“எதுமேல அடிக்கிறது? பிடிச்சுக்கத் தகடே இல்லையே. ஈரத்தைப் பொத்திப் பொத்தி வச்சு நல்லா வளத்திருக்கீங்க.” பிறகு குனிந்து பார்த்தார். “துரு உள்ளயிருந்துதான் தின்னிருக்கு. உள்ள தண்ணி கிண்ணி ஊத்துவீங்களா?”

“சேச்சே!” என்றார் சமாளி.

டிங்கர்க்காரருக்கு மூன்று நாள் வேலை. துருவேறியதையெல்லாம் பளபளப்பான இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்தார். புதுத் தகடு வைத்து வெல்டிங், அதன்மேல் துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு, இணைப்புகளில் தண்ணீர் புகாத பசை, அடிப்பக்கம் கெட்டியான கறுப்புப் பூச்சு. சைலன்சருக்கு மேலே காற்றுப் போக இடைவெளி விட்டு ஒரு மறைப்புத் தகடு. எல்லாம் காய்ந்தபின் உள்ளே சூடு தடுக்கும் வெள்ளித்தாள் விரிப்பு.

“தரையில இந்த நாலு ஓட்டையும் கம்பெனியே வச்சது. ரப்பர் மூடி போட்டிருக்கேன். எப்பவாவது உள்ள தண்ணி நின்னா கழட்டி விடுங்க. மத்தபடி அதுல கை வைக்காதீங்க.”

கை சும்மா இருக்குமா? ஓட்டையால் இத்தனை பட்டவருக்கு ஓட்டை என்ற வார்த்தையே ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும், கேட்டு வாங்கி வந்த மிச்சப் பசையை நான்கு மூடிகளின்மேலும் விரல் தடிமனுக்கு அப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் காட்ட வேண்டும். அதற்குமுன் வண்டி பளிச்சென்று இருக்க வேண்டாமா? விரிப்பைச் சுருட்டி வைத்தார். ஞாயிறுதோறும் செய்வதுபோல இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கி உள்ளே வீசினார். எப்போதும் விழுந்த வேகத்தில் காணாமல் போகும் தண்ணீர், இம்முறை எங்கும் போகாமல் நின்று அவரையே பார்த்தது.

துணி காயப்போட வந்த மனைவி, கணவர் வேனுக்குள் குந்தியபடி காப்பி டம்ளரால் தண்ணீர் மொண்டு வெளியே ஊற்றுவதைப் பார்த்தார்.

“என்ன பண்றீங்க?”

“சும்மா... கழுவினேன்.”

“உள்ளயா? எத்தனை நாளா இந்தப் பழக்கம்?”

சமாளி வாயைத் திறந்தார். டிங்கர்க்காரரிடம் சொன்ன ‘சேச்சே’ நாக்கு நுனி வரை வந்தது. அதை அப்படியே விழுங்கினார்.

“வாங்கின நாள்லேர்ந்து. ஓட்டை தானா விழல, நான்தான் விழ வச்சேன். நீ கால் வேகுதுன்னப்பவே கேட்டிருக்கணும். நீ இல்லாம ஓட்டவே பிடிக்கல.”

மனைவி அவரையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. கவிழ்ந்த வாளிமேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு எழுந்து, “தள்ளுங்க” என்று பழைய கத்தியால் பசையைச் சுரண்டி, மூடிகளைப் பிடுங்கினார். தண்ணீர் சமர்த்தாக இறங்கிப் போனது. ஈரம் போகத் துடைத்து விரிப்பைத் திரும்பப் போட்டதும் அவர்தான். “இனிமே உள்ள ஒரு வாளி தண்ணி விழுந்துச்சு, உங்களுக்கும் பஸ்தான்.”

திங்கட்கிழமை போர்வை மூட்டை பின்னால் போனது, அம்மாள் முன்னால் ஏறினார். ஏறியதும் வழக்கப்படி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார். கீழே வை என்று சொல்லச் சமாளிக்கு என்ன யோக்கியதை இருந்தது? வங்கிப் பக்கத்து வேகத்தடையில் வண்டியைத் தவழ விட்டார். ஏறி இறங்கியது. எதுவும் விழவில்லை. மனைவி ஒரு காலை மெல்லக் கீழே வைத்து, சூடு பார்த்து, மற்றதையும் வைத்தார். செருப்பில்லாத இரண்டு பாதங்களும் முழுசாக விரிப்பில் பதிந்தன. சமாளி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரோட்டைப் பாத்து ஓட்டுங்க,” என்று திட்டினார் மனைவி.