அம்மாவுக்குப் போட்ட ஊசி

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் ஓடிய கான் வாய்க்கால் ஒரு வருடம் முழுக்க ரோஸ் நிறத்தில் ஓடியது. கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். மழை இல்லாத நாட்களில் நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் வயிற்றுவலிக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒன்றுபோல ஊற்றித் தருகிற மருந்தின் நிறம் அது. எங்கள் ஆட்கள் அதைப் போத்தலில் வாங்கி வருவார்கள். வீட்டுக்குள்கூடக் கொண்டுபோகாமல் கானில் கவிழ்த்துவிட்டு, போத்தலைக் கழுவி வைத்துக்கொள்வார்கள்.

பூண்டுலோயாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் சங்கம் இரண்டாக உடைந்திருந்த சமயம். மேல் லயங்கள் ஒரு சங்கம், பள்ளத்தில் இருந்த பணிய லயங்கள் இன்னொரு சங்கம். மாரியம்மனுக்கே அந்த வருடம் இரண்டு திருவிழா நடந்தது; பாவம், அவள் எந்தச் சங்கமென்று யாரும் கேட்கவில்லை. மேல் லயத்துச் சங்கத்துக்கு என் அப்பாதான் தலைவர்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து கலக்கவும் ஊசி போடவும் படித்தவர்தான், டாக்டருக்குப் படித்தவரில்லை. ஆனாலும் தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் டாக்டரையா. அவர் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. பணிய லயத்துக்காரர்கள் கூட்டம் கூடவும் கணக்கு எழுதவும் தங்கள் சங்கக் கந்தோரைத் திறந்தபோது, கூப்பிட்டார்களே என்று போய், மாலையையும் வாங்கிக்கொண்டு ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டார். அன்றைக்கே எங்கள் லயத்தில் கூட்டம் கூடியது. அந்தாள் இனிமேல் நமக்குத் தருவது வெறும் தண்ணீர்தான், நல்ல மருந்தெல்லாம் அவர்களுக்குத்தான் போகும் என்று பேசி முடிவாயிற்று. யாரும் அதை நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்லவில்லை.

அதற்காக ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருக்கவும் முடியாது. வேலைக்கு வராதவருக்கு உண்மையிலேயே சுகமில்லை என்று டாக்டரையா ஒரு துண்டு எழுதித் தந்தால்தான் துரை ஒப்புக்கொள்வார். ஆகவே எங்கள் ஆட்கள் ஒழுங்காகப் போனார்கள். ஒழுங்காக நாக்கை நீட்டிக் காட்டினார்கள். துண்டையும் மருந்தையும் வாங்கிக்கொண்டு வந்து, துண்டைப் பத்திரப்படுத்திவிட்டு மருந்தைக் கானுக்குக் கொடுத்தார்கள். அவர் எழுதினால் நம்பலாம், ஊற்றினால் நம்பக்கூடாது என்பது எங்கள் கட்சி. இதில் யாருக்கும் எந்தக் கோணலும் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான், கவ்வாத்து மலையில் தேயிலை வெட்டிக்கொண்டிருந்த அப்பாவின் கத்தி வழுக்கி முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. அவரும் போய்த் துண்டு வாங்கினார். டாக்டரையா மருந்து வைத்துக் கட்டிவிட்ட துணியை வரும் வழியிலேயே அவிழ்த்து எறிந்துவிட்டு, மஞ்சளை அரைத்து அப்பிக்கொண்டார். தலைவரே அப்படிச் செய்ததில் எங்கள் ஆட்களுக்கு ஏகப் பெருமை.

நாலைந்து நாளில் கால் வீங்கிப் பளபளவென்று ஆகிவிட்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. காயத்திலிருந்து தொடைப்பக்கமாக ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. நான் பார்க்கக்கூடாதென்று அம்மா அதைக் கம்பளியால் மூடினாள். நான் பார்த்துவிட்டேன். அப்பா செத்துப்போய்விடுவார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அப்பாவைப் பார்க்க வந்த சங்கத்து ஆட்களோ வெற்றிலை போட்டுக்கொண்டு, தலைவர் எப்பேர்ப்பட்ட வைராக்கியக்காரர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரையாவைக் கூட்டி வரப்போவதாக அம்மா சொன்னாள். அப்பா தலையை மட்டும் தூக்கினார்.

“அவன்கிட்ட ஊசி போட்டுக்கிட்டு, நாளைக்கு நம்ம ஆளுங்க மொகத்துல எப்பிடி முழிக்கிறது?”

“முழிக்கிறதுக்கு மொதல்ல உசிரு இருக்கணுமில்ல?” என்றாள் அம்மா.

அம்மா அதுவரை ஒரு கூட்டத்திலும் வாய் திறந்தவளில்லை. அன்று மத்தியானம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி இறங்கினாள். யார் கண்ணிலும் படாமல் போகக் குறுக்குப்பாதை இருந்தது. அதை விட்டுவிட்டு, இரண்டு சங்கத்தாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று ரோட்டு வழியாகவே நடந்தாள்.

டாக்டரையா தன் வீட்டுக்குப் பின்னால் போஞ்சிக் கொடியில் காய் பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்கள் லயத்துக் கான் நேராக இறங்கி வந்து அவருடைய போஞ்சிப் பாத்தியில்தான் முடிகிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு அது ஒரு வருடமாகத் தெரியும்.

“வா பிள்ளை,” என்றார். “உங்கட லயத்தில ஆருக்குக் காய்ச்சல் வந்தாலும் என்ர போஞ்சிதான் மருந்து குடிக்குது.”

அம்மா சிரிக்கவில்லை. “ஐயா, காலுல செவப்புக் கோடு ஏறுதுங்க,” என்றாள்.

அவருடைய முகம் மாறிவிட்டது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி நாளைக்குத்தான் வரும், அதுவரைக்கும் விட்டு வைக்க ஏலாது என்று சொல்லிக்கொண்டே பெட்டியை எடுத்தார். கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. போஞ்சி இலை ஒன்று சட்டையில் ஒட்டிக்கொண்டே வந்தது.

எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் வாசலை ஆட்கள் அடைத்துக்கொண்டு நின்றார்கள். சங்கத்துக் காரியதரிசி முன்னால் வந்தார்.

“இவரு ஊசிக்குள்ள என்னா இருக்குன்னு யாருக்குத் தெரியும்? தலைவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“கூட்டம் போடணும்னா கோயிலடிக்குப் போங்க அண்ணே,” என்றாள் அம்மா. “இது நாங்க சோறு பொங்குற காம்பரா.”

அவர் விலகினார். ஆனால் உள்ளே அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார். டாக்டரையா திறந்த பெட்டியுடன் அப்படியே நின்றார்.

அம்மா ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். “அப்பிடின்னா மொதல்ல எனக்குப் போடுங்க ஐயா. நான் இங்கனயே ஒக்காந்திருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா அவருக்குப் போடுங்க.”

டாக்டரையா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து பெட்டிக்குள் கையை விட்டார். வாசலில் நின்றவர்களுக்கு அவருடைய முதுகுதான் தெரிந்திருக்கும். அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாமே தெரிந்தது. இரண்டு சின்னப் போத்தல்கள். ஒன்றின் அடியில் வெள்ளைத் தூள், மற்றதில் தண்ணீர். தண்ணீர்ப் போத்தலிலிருந்து மட்டும் உறிஞ்சி அம்மாவின் கையில் குத்தினார்.

“சுருக்குன்னுதான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

வாசலில் நின்றவர்கள் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் திரும்பிப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் கேத்தல் கொதித்து மூடி ஆடத் தொடங்கியபோதும் அம்மா அப்படியேதான் இருந்தாள். அப்பா மெல்லக் கையை நீட்டினார். இந்த முறை டாக்டரையா தண்ணீரைத் தூள் போத்தலுக்குள் பீய்ச்சி, குலுக்கி, பால்போல வந்ததை உறிஞ்சிப் போட்டார்.

மறுநாள் லொறி வருவதற்குள் கோடு ஏறுவது நின்றிருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியபோது அப்பா கொஞ்சம் நொண்டினார், அவ்வளவுதான். கானும் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் எங்கள் ஆட்கள் ஒரு புது வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஊசி போடப் போகிறவர் கூடவே ஒரு ஆளையும் கூட்டிப் போவார். முதலில் கூட வந்தவருக்குப் போட வேண்டும். அது தலைவர் வீட்டு முறையாயிற்றே! டாக்டரையாவும் முகம் சுளிக்காமல் இரண்டு பேருக்கும் போட்டு அனுப்பினார்.

என்னால் மட்டும் அவரை மன்னிக்க முடியவில்லை. எங்கள் சங்கம் சொன்னதுதான் சரி, இந்த மனுஷர் நம்மவர்களுக்குத் தண்ணீர்தான் தருகிறார், அதைக் கண்ணால் கண்ட ஒரே சாட்சி நான். அப்பாவிடம் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன். அதற்கு முன்னால், ஏமாந்துபோன அம்மாவுக்குத் தெரியட்டுமென்று பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது அவளிடம் சொன்னேன்.

“அம்மா, டாக்டரையா ஒனக்குப் போட்டது வெறும் தண்ணி. நான் பாத்தேன்.”

அம்மா சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள். “நானுந்தான் பாத்தேன். எனக்கு என்னாடி நோவு, மருந்து போடுறதுக்கு? அப்பாகிட்ட மூச்சு விட்டே, தோல உரிச்சுப்புடுவேன்.”

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் அழுதுகொண்டே போனேன். தலைவர் வீட்டிலேயே இருந்துகொண்டு, யாருக்கும் தெரியாமல் அம்மா அந்தப் பணிய லயத்துச் சங்கத்தில் சேர்ந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.