ஊருக்கெல்லாம் சொன்ன பிலோ அக்கா

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபடிச் சமன்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது மேல்மாடிப் பெண் வந்து வாசலில் நின்றார். "ரீச்சர், பிலோ அக்கா விடிய மோசம் போயிட்டா. நெஞ்சு நோவாம்." சாவுச் செய்தி கேட்டும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நோவு ஒரு கிழமையாக இருந்ததாம். எங்கள் வீட்டுச் சங்கதியை வெள்ளவத்தை முழுவதும் சொல்லித் திரிந்த மனுஷி, தன் நெஞ்சு நோவைப் பற்றி மட்டும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறாமலேதான் இதை எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்வீர்கள். உங்களில் அவரோடு ஒரு முறையாவது கோபித்துக்கொள்ளாதவர் யார், சொல்லுங்கள்?

பிலோமினா என்பது முழுப்பெயர். கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். கணவர் இல்லாமல் போன பிறகு எங்கள் தொடர்மாடியில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியே இருந்தார். அவருக்குக் கீழ்வீட்டில் நானும் அப்பாவும். அப்பா அரசாங்கத்தில் படவரைஞராக வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பின்னும் காலையில் காலி வீதியில் நடக்காவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. அந்த அப்பா ஒரு நாள் சட்டையைப் புறம்மாறிப் போட்டுக்கொண்டு, "கந்தோருக்கு நேரமாகுது" என்று, எப்போதோ விட்டுவந்த அலுவலகத்துக்குப் போகப் படியிறங்கத் தொடங்கினார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார். சாப்பிட்டுக் கை கழுவி வந்து, தனக்கு இன்னும் சோறு போடவில்லை என்றார்.

எங்கள் சொந்தக்காரருக்குத் தெரிந்த ஒரே மருந்து வல்லாரை. வல்லாரைச் சம்பல், வல்லாரைக் கஞ்சி, வல்லாரைச் சாறு. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கட்டோடு வந்தார்கள். அப்பாவுக்கு மறதி குறையவில்லை. எனக்குத்தான் வல்லாரையைக் கண்டாலே குமட்டியது. ரொறன்ரோவிலிருந்து தம்பி தொலைபேசியில், "அக்கா, நீ அவரோடை இருந்து கதைக்கிறேல்லை, அதுதான் பிரச்சினை" என்றான். அங்கே இருந்துகொண்டே கண்டுபிடித்துவிட்டான், கெட்டிக்காரன்! வழக்கமாகப் பார்க்கிற வைத்தியரோ, வயது போனால் இப்படித்தான் என்று சத்துக் குளிசை எழுதிக்கொடுத்தார்.

வெளியில் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. வீட்டு விறாந்தையில் வகுப்பு நடத்திச் சீவிக்கிறவள் நான். வீட்டில் மூளை வருத்தக்காரர் இருக்கிறார் என்று தெரிந்தால் பெற்றோர் பிள்ளைகளை அனுப்புவார்களா? அதோடு, வெள்ளவத்தைத் தமிழருக்கு அந்தப் போர்க்காலத்தில் ஒரே பாதுகாப்பு, இருக்கிற இடம் தெரியாமல் இருப்பதுதான். கேட்டதற்கு மட்டும் பதில், கேட்காததற்கு வாய் திறப்பதில்லை. பிள்ளைகள் வரப்போகிற நேரம் பார்த்து அப்பா நழுவத் தொடங்கியதும் கிறில் கதவில் ஆமைப்பூட்டுப் போட்டேன்.

அந்தப் பூட்டைத்தான் பிலோ அக்கா முதலில் பார்த்தார். "பிள்ளை, ஐயாவுக்கு மறதி வருத்தம் எல்லோ?" என்றார், எடுத்த எடுப்பில்.

"இல்லை அக்கா, வயசு."

"வயசு எனக்கும்தான் போகுது. நான் சட்டையைப் புறம்மாறிப் போட்டுக்கொண்டு திரியேல்லையே. வெளிக்கிடு, பெரிய டொக்டரிட்டைப் போவம்."

போனோம். அந்த வைத்தியர் ஆறுதலாக எல்லாம் கேட்டுவிட்டு, இது அல்சைமர், மூளையில் வருகிற நோய் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பிலோ அக்கா அதை எனக்கு விளங்கப்படுத்தினார். நாங்கள் பஸ்ஸில் தமிழில் வாய் திறக்கவே பயந்த காலம் அது. அவரோ சந்தையில் மீன் விலை கேட்கிற குரலில், "புதுசாக் கேட்டது மண்டையிலை நிக்காது. பழசு நிக்கும். பிறகு அதுவும் கொஞ்சம் கொஞ்சமாப் போகும். மாத்திற மருந்து இல்லை. ஆனா பிள்ளை, மனுசன் வேணுமெண்டு செய்யேல்லை. அதை மட்டும் நீ நெடுகச் சொல்லிக்கொண்டிரு" என்றார். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மறதிக்காரரைப் பார்க்க வந்தால், கதிரையை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டு சோதனை வைப்பார்கள். லண்டனிலிருந்து வந்த பெரியப்பாவின் மகன், "சித்தப்பா, என்னை ஆரெண்டு தெரியுதோ? சொல்லுங்கோ பாப்பம்!" என்று தொடங்கினார். அப்பா அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். நெற்றி வேர்த்துவிட்டது. குசினிக்குள் நின்ற பிலோ அக்கா கையைத் துடைத்தபடி வந்தார்.

"தம்பி, உங்கடை பேர் உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்... ஏன்?"

"அப்ப நீங்களே சொல்லுங்கோவன். தெரிஞ்ச ஆள் இஞ்சை இருக்க, தெரியாத ஆளிட்டை ஏன் கேக்கிறியள்?"

அண்ணன் தேத்தண்ணி குடியாமலே எழுந்து போனார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. அதன் பிறகு வருகிறவர்களை வாசலிலேயே மறித்து, "பேரைச் சொல்லிக்கொண்டு உள்ளுக்குப் போங்கோ" என்று அனுப்புவது பிலோ அக்காவின் வேலையாயிற்று.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. கந்தோருக்குப் போக வேண்டும் என்று அப்பா நின்றால், "அப்பா, நீங்கள் பென்சன் எடுத்து எவ்வளவு காலம்!" என்று நான் கத்துவேன். பிலோ அக்கா, "ஓம் ஐயா, இண்டைக்கு லீவெல்லோ. நாளைக்குப் போவம்" என்பார். அப்பா உடனே அடங்கிவிடுவார். பொய் சொல்கிறீர்களே என்று கேட்டேன். "நீ கணக்கு ரீச்சர், உனக்கு விடை சரியா வரவேணும். அவருக்கு மனசு ஆறினாக் காணும்" என்றார். இந்த மனுஷியோடு எப்படிக் கதைத்து வெல்வது?

புதன்கிழமை பின்னேரங்களில் வந்து, என் குடையை எடுத்து என் கையிலேயே திணித்து, என்னை என் வீட்டிலிருந்து வெளியே தள்ளுவார். "கடற்கரைக்குப் போ. போய்ச் சும்மா இரு. இது தனியாள் தூக்கிற பாரமில்லை." எனக்குக் கடலோடு என்ன வேலை? முதல் சில தடவை படிக்கட்டிலேயே நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தண்டவாளத்தைக் கடந்து போய்க் கல்லில் இருக்கப் பழகினேன். பக்கத்து ஒழுங்கையில் இதே வருத்தத்தில் தாயை வைத்திருந்த ஒருத்தியையும் அவர் இழுத்து வந்தார். என் அப்பாவோடு அவள் ஒரு நாள், அவள் அம்மாவோடு நான் ஒரு நாள் என்று முறை வைத்தார். மறதிக்காரர் சங்கம் என்று நான் நக்கலடித்தேன். "பேரை நீ என்னவும் வை. முறைக்கு மட்டும் வந்திடு" என்றார்.

இதெல்லாம் பரவாயில்லை. ஒரு நாள் சந்தையால் வந்துகொண்டிருந்தேன். எங்கள் ஒழுங்கை காலி வீதியில் ஏறுகிற முடக்கில் மண்மூட்டை அடுக்கிய காவலரண் ஒன்று. அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு கடப்பதுதான் எங்கள் வழக்கம். அன்று அங்கே நின்ற ஆமிக்காரன், "சீயா எப்படி?" என்று, பாட்டனாரை விசாரிக்கிற மாதிரிச் சிங்களத்தில் கேட்டான். எந்தச் சீயா என்று கேட்டேன். மறதிக்காரச் சீயா என்று எங்கள் மாடியைக் கைகாட்டினான். விசாரித்துப் பார்த்தால் ரொட்டி விற்கிற பாண்காரர், கடலைக்காரர், ஓட்டோக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அப்பாவைக் கைபிடித்துக் கூட்டிப் போய், முகத்தைக் காட்டி, வீட்டு இலக்கத்தையும் சொல்லி வைத்திருந்தார் பிலோ அக்கா.

நான் படியேறிப் போய் அவரோடு சண்டை பிடித்தேன். "உங்களுக்கு விசரோ அக்கா? ஆமிக்காரனுக்கு வீட்டைக் காட்டிக் குடுத்திட்டியளே! நாளைக்குச் செக்கிங் வந்தா முதல் எங்கடை கதவையெல்லோ தட்டுவாங்கள்!"

அவர் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "என்ரை மனுசனும் இப்பிடித்தான் பிள்ளை. கொட்டாஞ்சேனையிலை விடிய வெளிக்கிட்டுப் போனவர். தேத்தண்ணிக் கடைக்காரன் கண்டவன். கோயிலடியிலை பூ விக்கிறவ கண்டவ. ஒருத்தரும் மறிக்கேல்லை. ஏன் மறிக்கிறது? அவருக்கு வருத்தமெண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே. மானம் பாத்தனான். பொலிசுக்குப் போனா, இயக்கத்துக்குப் போயிட்டாரோ எண்டு கேட்டாங்கள். தலை முழுக்க நரைச்ச மனுசன்."

அவர் கணவர் கடைசிவரை திரும்பி வரவில்லை. நான் படியிறங்கி வந்தேன். அதற்காகக் கோபம் போய்விட்டது என்றில்லை. அடுத்த புதன்கிழமை நான் கதவைத் திறக்கவில்லை. நான் திறக்கும்வரை அவர் தட்டினார்.

பிறகு நகரத்தில் குண்டு வெடித்த ஒரு நாள். பெற்றோர் பதறி ஓடிவந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன அந்தரத்தில் கிறில் கதவு திறந்து கிடந்தது. அப்பா இல்லை. நான் தெருவுக்கு ஓடினேன். கடலைக்காரர் அவரை மறித்துப் பார்த்தாராம். அப்பா கந்தோருக்கு நேரமாகிறது என்று கையை உதறிவிட்டாராம். உடனே பாண்காரரிடம் சொல்ல, அவர் சைக்கிளில் பின்னால் போயிருக்கிறார். அவர் எட்டிப் பிடிக்கும் முன்னே அப்பா வாய்க்கால் பாலத்தைக் கடந்து பம்பலப்பிட்டிப் பக்கம் போய்விட்டார். அங்கே அவரை யாருக்குத் தெரியும்? அடையாள அட்டை இல்லை, விலாசம் சொல்லத் தெரியவில்லை. பொலிசார் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று பாண்காரர் பார்த்து வந்து சொன்னதால்தான் எங்களால் போக முடிந்தது.

பொழுதுபடும்வரை பிலோ அக்கா அந்தப் பொலிஸ் நிலைய வாசலில் நின்று சிங்களத்தில் வாதாடினார். அவர்கள் அவரைத் துரத்தினார்கள். அவர் திரும்ப வந்து நின்றார். கடைசியில் தொல்லை தாங்காமல் அப்பாவை வெளியே விட்டார்கள். ஓட்டோவில் நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். பிலோ அக்கா என்னைத் தேற்றுவார் என்றா நினைக்கிறீர்கள்? "பிழை என்ரைதான். வாய்க்கால் பாலம் வரைக்கும்தான் சொல்லி வைச்சனான். பம்பலப்பிட்டிக்கும் சொல்லியிருக்கவேணும்" என்றார். மறுநாளே அங்கும் சொல்லப் போனார்.

இனி வெளியே விடவே மாட்டேன் என்று நான் இன்னும் பெரிய பூட்டு வாங்கினேன். "பூட்டினாக் காணாமப் போகமாட்டார், ஓம். ஆனா பூட்டின வீட்டுக்குள்ளை அந்த மனுசனுக்கு என்ன இருக்கு? நடக்கிற ஆளை நடக்க விடு. பாக்கிறதுக்கு ஊர் இருக்கு" என்றார் பிலோ அக்கா. அப்பா நடந்தார். ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் அவரைத் திருப்பி அனுப்பினார். கனத்தை மயானத்தில் பிலோ அக்காவை அடக்கம் செய்த அன்று அவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பாண்காரர்தான் என்னைவிட அதிகம் அழுதார்.

பிலோ அக்கா இறந்த கிழமையே காவலரணில் ஆள் மாறிவிட்டது. புதியவனுக்கு அப்பாவைத் தெரியாது. சொல்வதற்குப் பிலோ அக்காவும் இல்லை. திரும்பவும் பூட்டைப் போட்டேன். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடியே நின்றார். கூப்பிட்டாலும் திரும்பவில்லை. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு காவலரணுக்குப் போனேன். நானாகப் போய் ஓர் ஆமிக்காரனோடு கதைப்பது அதுதான் முதல் தடவை. "மல்லி, மே அபே தாத்தா. எயாட்ட அமத்தக வெனவா" என்றேன். தம்பி, இவர் எங்கள் அப்பா, இவருக்கு மறதி; அவ்வளவுதான் எனக்குச் சிங்களம் வந்தது. அவன் அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வீட்டு இலக்கத்தைக் கேட்டான். சொன்னேன்.

பிலோ அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த வாய்தான். சொத்தென்று அவர் விட்டுப்போனதும் வேறொன்றுமில்லை. ஒழுங்கைக்குப் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் இப்போது நானே சொல்கிறேன். முடக்கில் கடை போட்டிருக்கிற சலூன்காரருக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. அவர் வாய் சும்மா இராது. காலையில் சொன்னால் பின்னேரத்துக்குள் தெஹிவளைவரை போய்விடும் என்று தயங்கிக்கொண்டு நிற்கிறேன். பிலோ அக்கா இருந்தால் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும்:

"விசர்ப் பிள்ளை, அவனுக்கெல்லோ முதல் சொல்லியிருக்கவேணும்!"