விளக்கை மறைத்த ஸ்டிக்கர் பொட்டு

நிலக்கோட்டைப் பக்கம் தோட்டம் தோட்டமாக நின்று மல்லிகை மூட்டை ஏற்றி, மார்க்கெட்டில் இறக்குவது என் பிழைப்பு. பழைய வண்டி கரும்புகை கக்கும். பின்னால் வருகிறவர்கள் என் அம்மாவை விசாரிப்பார்கள். ஆனால் வழியில் நின்றதில்லை. அதை விற்று வாங்கிய, புது விதிப்படி வந்த புது வண்டி புகையே விடாது. கரியை எல்லாம் வயிற்றுக்குள் ஒரு வடிகட்டியில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதை எரித்துத் தள்ள இருபது நிமிடம் நிற்காமல் வேகமாக ஓட வேண்டுமாம். பதினைந்து தோட்டத்தில் நின்று, நிற்கிற இடமெல்லாம் டீசல் மிச்சம் என்று இஞ்சினை அணைக்கிற பூ வண்டிக்கு இப்படி ஒரு வயிறு! இதை வரைந்த மேதை மல்லிகையைக் கழுத்தில் வாங்கியிருப்பார். அது மார்க்கெட்டுக்கு எப்படி வருகிறது என்று பார்த்திருக்க மாட்டார்.

வடிகட்டி நிறைந்தால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். எரிந்தது. பயந்தவன் மெக்கானிக்கிடம் போவான். நான் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து விளக்கின் மேல் ஒட்டினேன். போன வாரம்தான் புகைச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். கொடுத்தவர் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்ததோடு சரி, சைலன்சர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவரே பார்க்காததை நான் எதற்குப் பார்க்க?

ஐந்தாம் நாள் காலை, வண்டி நிறைய மொட்டு. வெயில் ஏறிவிட்டால் மலர்ந்துவிடும். அப்புறம் சென்ட் கம்பெனிக்காரர்தான் வந்த விலைக்கு அள்ளுவார். மார்க்கெட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கையில் வண்டி திணறியது. பொட்டைப் பிய்த்தேன். விளக்கு விட்டு விட்டு எரிந்தது. மெக்கானிக்கான மச்சானுக்குப் போன் போட்டேன்.

“எம்புட்டு நாளா எரியுது?”

“அஞ்சு நாளா.”

“அஞ்சு நாளா என்ன மாப்ள பண்ணுனீங்க?”

“பொட்டு வச்சேன்.”

“இஞ்சினை மட்டும் அணைச்சிராதீங்க. நாலுவழிச் சாலையில ஏறி இருபது நிமிசம் விரட்டுங்க. அணைச்சா அம்புட்டுத்தான்.”

எனக்கு அந்த ‘அம்புட்டுத்தான்’ மட்டுமே காதில் ஏறியது. மார்க்கெட் வாசலில் தரகர்கள் கை காட்டினார்கள். நான் அவர்களைத் தாண்டி, கொடைரோடு தாண்டி, திண்டுக்கல் வரை மல்லிகையை விரட்டினேன். வண்டி வெடிக்கத்தான் போகிறது, நல்லவேளை என் மாலைக்குப் பூ பின்னாலேயே இருக்கிறது என்று ஆறுதல் வேறு.

விளக்கு அணைந்தது. திரும்பி வந்து பார்த்தால் பூ மொத்தமும் பல்லைக் காட்டிக்கொண்டு மலர்ந்திருந்தது. விடியுமுன் குடும்பத்தோடு பறித்துக் கொடுத்த தோட்டக்காரர் ஒருவர் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார்.

“ஏண்ணே, பூவுக்கு ஊர் சுத்திக் காட்டவா ஏத்துனீங்க?”

அவரையும் கூட்டிக்கொண்டு மச்சானிடம் சண்டைக்குப் போனேன்.

“இஞ்சினை அணைக்காதீங்கன்னுதான் சொன்னேன். ஓடவிட்டுட்டே பூவை இறக்கிட்டுப் போக வேண்டியதுதான மாப்ள? அஞ்சு நிமிச வேலை.”



இப்போது ஞாயிறுதோறும் காலி வண்டியைத் திண்டுக்கல் வரை சும்மா ஓட்டிப் போய்ச் சும்மா ஓட்டி வருகிறேன். காற்று சுத்தமாக இருக்க வேண்டாமா, அதற்காக டீசலை எரிக்கிறேன். அந்தத் தோட்டக்காரர் பூவை வேறு வண்டியில்தான் ஏற்றுகிறார். வழியில் என்னைப் பார்த்தால் மட்டும் வரப்பில் நின்றபடியே கத்துகிறார்: “அணைச்சிராதீங்கண்ணே!”